எந்த விலைப்புள்ளியை எடுப்பது?

கொல்கத்தாவின் வடக்கே, ஹூக்ளி ஆற்றின் அருகே குமார்துலி இருக்கிறது. அங்கே மண்ணில் சாமி சிலை செய்யும் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். துர்கா பூஜைக்குச் சிலை வேண்டுமா? பூஜைக் கமிட்டிக்காரர்கள் நேரே அங்கே போவார்கள். சந்து சந்தாக நடப்பார்கள். மூங்கிலும் வைக்கோலும் களிமண்ணுமாக நிற்கும் சிலைகளைப் பார்ப்பார்கள். போன ஆண்டு யாருக்குச் செய்தார்? சொன்ன நாளில் கொடுத்தாரா? எல்லாம் விசாரிப்பார்கள். பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். வங்காளத்தில் அதற்கு 'பாய்னா' என்று பெயர்.

இன்று பல வேலைகளை நேரில் பார்க்காமலே கொடுக்கிறார்கள். லேபிள் வரைவது, கடிதம் மொழிபெயர்ப்பது, கணக்கைக் கணினியில் ஏற்றுவது போன்ற வேலைகள் அவை. கொல்கத்தாவில் இருப்பவர் மதுரைக்காரருக்கு வேலை கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கும் கொடுக்கலாம். இதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று இரண்டு நிறுவனங்கள் இருந்தன. அவை ஒன்றாகச் சேர்ந்தன. 2015 முதல் அதன் பெயர் அப்வொர்க். ஆஸ்திரேலியாவில் 2009இல் ஃப்ரீலான்சர் என்ற தளம் வந்தது.

எப்படி நடக்கிறது?

வேலை கொடுப்பவர் தன் தேவையைத் தளத்தில் எழுதுவார். செய்ய விரும்புகிறவர்கள் பதில் எழுதுவார்கள். 'இன்ன விலைக்கு, இத்தனை நாளில் செய்வேன்' என்பார்கள். இதுதான் விலைப்புள்ளி. கொட்டேஷன் என்றும் சொல்வோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். லேக் மார்க்கெட் பக்கம் சில தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஊறுகாய் போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் ஒட்ட லேபிள் வேண்டும். குழுவின் சேமிப்பு 3,000 ரூபாய். தளத்தில் எழுதிப் போட்டார்கள். 20 பேர் பதில் போட்டார்கள். ஒருவர் 300 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 1,800 ரூபாய். வேறொருவர் 6,000 ரூபாய்.

'300 ரூபாய்க்காரருக்கே கொடுத்துவிடலாமே' என்று தோன்றும். பொறுங்கள். லேபிள் தப்பாக வந்தால் 300 ரூபாயோடு நஷ்டம் நிற்காது. அச்சடித்த செலவும் போகும். பூஜைக்கால வியாபாரமும் போகும்.

முதலில் நாம் தெளிவாக எழுத வேண்டும்

'லேபிள் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. அளவு என்ன? எந்தெந்த மொழி? எடை, தயாரித்த தேதி, உணவுப் பதிவு எண் இவற்றுக்கு இடம் விட வேண்டுமா? எந்தத் தேதிக்குள் வேண்டும்? எத்தனை முறை திருத்தித் தர வேண்டும்? எல்லாம் எழுதுங்கள். நாம் எழுதாததை அவர் செய்யவில்லை என்று பிறகு சண்டை போட முடியாது.

ஒரு கேள்வியும் சேருங்கள். 'வங்காள எழுத்தில் பிழை இல்லாமல் பார்ப்பது யார்? பதிலின் முதல் வரியில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பலர் நாம் எழுதியதைப் படிக்கவே மாட்டார்கள். ஒரே பதிலை நூறு பேருக்கு அனுப்புவார்கள். 'எனக்குப் பத்து ஆண்டு அனுபவம், எந்த வேலையும் செய்வேன்' என்று இருக்கும். ஊறுகாய் என்ற சொல்லே இருக்காது. அவர்களை முதலிலேயே தள்ளிவிடலாம். 20 பேர் 5 பேராகிவிடுவார்கள்.

பிறகு பழைய வேலையைப் பாருங்கள்

மீதி 5 பேரின் மாதிரிகளைப் பாருங்கள். அடுத்தவர் படத்தைத் தன் படம் என்று காட்டுபவரும் உண்டு. ஆகவே கேள்வி கேளுங்கள். 'இதை யாருக்குச் செய்தீர்கள்? ஏன் இந்த நிறம் வைத்தீர்கள்?' உண்மையில் செய்தவர் விளக்கிச் சொல்வார். மற்றவர் மழுப்புவார்.

முன்பு வேலை கொடுத்தவர்கள் எழுதிய கருத்தும் தளத்தில் இருக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காதீர்கள். எழுத்தையும் படியுங்கள். குறை சொன்னவர் என்ன குறை சொன்னார் என்று பாருங்கள்.

விலை ஏன் குறைவு?

குறைந்த விலை கேட்பவர் எல்லாம் மோசக்காரர் இல்லை. சிலர் தொழிலுக்குப் புதியவர். நல்ல பெயர் வாங்கக் குறைத்துக் கேட்பார். சிலர் 300 என்று ஆரம்பித்து, பாதியில் 'இதற்குத் தனிக் காசு' என்பார். 'இந்த விலையில் என்னென்ன சேரும்?' என்று எழுத்தில் கேளுங்கள். தளத்தின் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. வேலை தேடுபவரும் நம்மைப் போல் உழைப்பாளிதான். அவர் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்வொர்க் போன்ற தளத்தில் விலைப்புள்ளி அனுப்பவே அவருக்குச் செலவு ஆகிறது. வருமானத்திலும் தளம் பங்கு எடுக்கிறது. 'முழு லேபிளையும் இலவசமாகச் செய்து காட்டு' என்று கேட்பது நியாயம் இல்லை. சந்தேகம் இருந்தால் சிறிய வேலை ஒன்று கொடுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். கைத்திறன் தெரிந்துவிடும்.

பணத்தில் கவனம்

பணத்தைத் தளத்தில் கட்டுங்கள். தளம் அதை நடுவில் வைத்திருக்கும். வேலை சரி என்று நீங்கள் சொன்ன பிறகு அவருக்குப் போகும். ஆனால் நாளை மறக்காதீர்கள். அப்வொர்க்கில் மொத்த விலை பேசிய வேலையை அவர் ஒப்படைத்தபின் 14 நாள் நீங்கள் பேசாமல் இருந்தால் பணம் தானே போய்விடும். வேலை பெரியது என்றால் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

'தளத்துக்கு வெளியே அனுப்புங்கள், விலை குறைப்பேன்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறகு தகராறு வந்தால் தளம் உதவாது. செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது இணைய மோசடிக்கான அரசு உதவி எண்.

படிக்கத் தெரிவது ஒரு பலம். கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் நம்பாமல், எழுத்தில் என்ன இருக்கிறது என்று நாமே பார்க்கலாம். குழுவின் பணம் என்றால் ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டுக்குக் கொத்தனாரை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? என்னென்ன விசாரிப்பீர்கள்?

2. 300, 1,800, 6,000 ரூபாய் கேட்ட மூவரிடமும் நீங்கள் என்ன கேள்வி கேட்பீர்கள்? எழுதிப் பாருங்கள்.