இளைப்பாறுதலும் ஒரு மருந்தே

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

கல்வராயன் மலையின் இந்த ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் உங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். இம்முறை ஒரு நோயைப் பற்றியும், அதற்குரிய மருந்தைப் பற்றியும் எழுதுகிறோம். அந்த மருந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் அதற்கு விலை உண்டு.

மலைமேலுள்ள கிராமம் ஒன்றிலிருந்து வாலிபன் ஒருவன் நொண்டிக்கொண்டு நம் மருத்துவமனைக்கு வந்தான். காவலர் தேர்வில் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக விடியற்காலையில் தார்ச்சாலையில் ஏற்றமும் இறக்கமுமாக ஓடிப் பழகினான். பகலில் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. காலணியோ அடி தேய்ந்த பழையது. அவன் விழவில்லை, எதிலும் மோதவில்லை. ஆனாலும் முன்காலில் ஒரே இடத்தில் விரலை வைத்தால் உயிர் போகிற வலி. எக்ஸ்ரே படத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய எலும்பு களைத்துப்போய் வெடிப்பு விட்டிருந்தது.

எலும்பு களைக்குமா?

எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருளன்று. ஒவ்வொரு நாளும் அதன் பழைய பகுதிகள் கரைக்கப்பட்டு, புதியவை கட்டப்படுகின்றன. நாம் ஓடும்போதும் பாரம் சுமக்கும்போதும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் உண்டாகின்றன. இளைப்பாறும் வேளையில் உடல் அவற்றைச் சரிசெய்துவிடும். பழுதுபார்க்கும் வேகத்தைவிடச் சேதமாகும் வேகம் மிகும்போது, சிறு சேதங்கள் ஒன்றுசேர்ந்து வெடிப்பாகின்றன. இதைத்தான் மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்கிறார்கள். ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டுவது, கடினமான தரை, தேய்ந்த காலணி, போதாத உணவு ஆகிய யாவும் இதற்குக் காரணமாகும். ஆரம்ப வாரங்களில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். எம்.ஆர்.ஐ. படம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை. வலிக்கும் காலின்மேல் பாரம் ஏற்றாமல் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். பின்பு நடை, சைக்கிள், மெதுவான ஓட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். வலி வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். நல்ல ஆகாரமும் அவசியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு அதிகமான சுண்ணாம்புச் சத்து இருப்பதால், நம் மலையின் களியும் கூழும் இதற்கு ஏற்றவையே.

பொறுமைக்கு ஒரு சாட்சி

அந்த வாலிபன் மனமடிந்து கிடந்தபோது, சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் சரித்திரத்தை அவனுக்குச் சொன்னோம். 1989-இல் பிறந்த அவர் 2010-இல் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். ஆனால் முழங்கால்களில் இதே வகை எலும்பு வெடிப்பு வந்தது. ஆறும், ஆடத் தொடங்குவார், மறுபடியும் வலிக்கும். இப்படி ஏறத்தாழ முதல் ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி வீணாயிற்று. மற்றவர்கள் உச்சத்தை எட்டும் வயதில்தான் அவர் மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார்.

2018-இல் பிரெஞ்சு ஓப்பன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அவர் தோற்றார். பிரதான போட்டியில் யாராவது விலகினால், தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். அவரோ இத்தாலியில் நடந்த சிறிய போட்டி ஒன்றுக்குப் போய்விட்டார். அதற்குப் பின் இடம் காலியாயிற்று! பார்சிலோனாவிலிருந்து பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு விரைந்துவந்த அர்ஜென்டினா வீரர் ட்ருங்கெலிட்டிக்கு அது கிடைத்தது. பிரஜ்னேஷ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2019 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடத்துக்கு உயர்ந்தார். அந்த ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் பிரதான சுற்றிலும் ஆடினார். நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். 2024 நவம்பரில் அவர் ஓய்வு அறிவித்தார். கோப்பைகளைவிட, ஐந்து ஆண்டு முடங்கியபின் எழுந்து நின்றதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி கேட்டான்: “அந்த அண்ணன் அஞ்சு வருசம் சாப்பாட்டுக்கு என்னங்க ஐயா பண்ணாரு?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. எங்களால் உடனே பதில் சொல்லவும் முடியவில்லை.

காத்திருப்பவரை யார் தாங்குவது?

டென்னிஸ் வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் என எல்லாச் செலவும் அவருடையதே. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்கள் மட்டுமே கணக்கில் நிற்கும். ஆகவே ஓராண்டு படுத்துவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். இதை அறிந்தே, ஆறு மாதத்துக்குக் குறையாமல் காயத்தால் விலகியவர் பழைய தரவரிசையைக் காட்டிச் சில போட்டிகளில் சேரலாம் என்று ஆண்கள் டென்னிஸ் சங்கம் விதி வைத்திருக்கிறது. விழுந்தவனுடைய இடத்தைச் சிறிது காலம் காத்துவைக்கும் நல்ல விதி அது. ஆனால் அது பந்தயத்தில் நுழைய இடம் தருமேயன்றி, வீட்டில் அடுப்பெரிய வழி செய்யாது. பிரஜ்னேஷுக்குக் கைகொடுக்கக் குடும்பத்தார் இருந்தார்கள்.

விஜய் அமிர்தராஜையும் நினைத்துப் பாருங்கள். 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றவர். 2024-இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். சிறுபிராயத்தில் அவர் நுரையீரல் நோயினால் அடிக்கடி மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய தாயார் மேகி அமிர்தராஜ் மகனுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, பாடங்களை எழுதிக்கொண்டுவந்து படுக்கையருகே சொல்லிக்கொடுத்தார். பிள்ளை படுத்திருந்த நாளில் அவனுடைய இடத்தை ஒரு தாய் காத்து வைத்தாள்.

நம் வாலிபனுக்கும் ஒரு தாய் உண்டு. ஆனால் அந்தத் தாய் காட்டு வேலைக்குப் போனால்தான் அன்றைக்கு உலை வைக்க முடியும். மகன் இரண்டாவது வாரமே எங்களிடம் சொல்லாமல் கிளம்பிப்போய், தாயோடு கிழங்கு மூட்டை தூக்கினான். பத்து நாளில் முன்னிலும் அதிக வலியோடு திரும்பி வந்தான். அந்த ஆண்டுத் தேர்வும் கைவிட்டுப் போயிற்று. அவன் கீழ்ப்படியாமல் போனான் என்றுதான் நாங்கள் முதலில் வருந்தினோம். பிறகு எங்களையே கடிந்துகொண்டோம். பொறுமையாயிரு என்று பிரசங்கம் செய்தோமே தவிர, பொறுமையாயிருக்க அவன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

எலியாவுக்குத் தேவன் செய்த சிகிச்சை

யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, சூரைச்செடியின்கீழ் படுத்து, சாக வேண்டும் என்று விரும்பிய சம்பவத்தை நாம் அறிவோம். ஆண்டவர் அவரை உடனே கடிந்துகொள்ளவில்லை, புதிய கட்டளை எதுவும் தரவுமில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாந்தரமும் தூதன் வந்து ஆகாரம் கொடுத்தான். அதன் பின்புதான் நாற்பது நாள் பயணமும் ஓரேப் மலையும். இளைப்பாறு என்று சொன்ன தேவன், இளைப்பாறுகிறவனுக்கு அப்பத்தையும் அனுப்பினார்.

அந்த அப்பத்தைச் சுமந்துவரும் வேலையை இன்று உங்கள் கைகளில் கர்த்தர் தந்திருக்கிறார் என்று விசுவாசிக்கிறோம். மாவுக்கட்டோடு கிடப்பவரின் வீட்டுக்கு அரிசி, தேய்ந்த காலணிக்குப் பதில் நல்ல காலணி, பிசியோதெரபிக்காக மலைக்கிராமத்திலிருந்து வந்துபோகப் பேருந்துச் செலவு ஆகியவற்றுக்கு உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி போகிறது. இவற்றுக்கு அறிக்கையில் மருந்து என்று பெயரில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஓய்வு வெறும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

அந்தத் தம்பி இரண்டாம் முறை எங்களோடு தங்கியபோது, உங்கள் காணிக்கையால் அவனுடைய வீட்டில் அடுப்பெரிந்தது. முழுக் காலமும் இளைப்பாறினான். இப்பொழுது வலியின்றி நடக்கிறான், சைக்கிள் மிதிக்கிறான், புதிய காலணியில் மெதுவாக ஓடவும் தொடங்கியிருக்கிறான். அடுத்த தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கிறான். அவன் தேறுவானோ மாட்டானோ, அது கர்த்தரின் கரத்தில் இருக்கிறது. தேறாவிட்டாலும் தன் காலில் நின்று தாயைத் தாங்குவான். அவனுக்காக ஜெபியுங்கள். மகனுக்காகத் தனியாகக் காடு சென்ற அந்தத் தாய்க்காகவும் ஜெபியுங்கள். உங்கள் சபையிலோ தெருவிலோ நோயினால் வேலையிழந்து படுத்திருப்பவர் இருந்தால், ஜெபித்துவிட்டு எழும்புமுன் அவர் வீட்டு அரிசிப் பானையையும் அன்பாய் விசாரியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர், வெள்ளிமலை