ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

‘தண்ணி பாய்ச்சி ரெண்டு நாள்தான் ஆச்சு. ஆனாலும் பயிர் வாடுது’ என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். வேரழுகல் இல்லையென்றால், பிள்ளைகள் பள்ளியில் செய்யும் உருளைக்கிழங்குச் சோதனையை வீட்டில் செய்து பாருங்கள்.

கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவில் விரல் போல இரண்டு துண்டுகள் நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், இன்னொன்றை இரண்டு ஸ்பூன் உப்பு கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரிலும் போடுங்கள். இரண்டு மணி நேரம் போகட்டும். முதல் துண்டு விறைப்பாக இருக்கும். வளைத்தால் ‘படக்’கென்று ஒடியும். உப்பில் கிடந்தது துவண்டு, ரப்பர் மாதிரி வளையும். நீளமும் சற்றுக் குறைந்திருக்கும்.

உப்பு அதிகமுள்ள பக்கம், செல்சவ்வு வழியாகத் தண்ணீரை இழுத்துவிடுகிறது. இதுதான் சவ்வூடு பரவல். உப்பில் போட்ட மாங்காய் நீர் விடுவதும் இப்படித்தான்.

தூரிலேயே யூரியாவைக் கொட்டினாலும், உப்புக் கிணற்று நீரையே தொடர்ந்து பாய்ச்சினாலும் வேருக்கு இதே கதிதான். ஈரமிருந்தும் உறிஞ்ச முடியாமல் இலை ஓரம் கருகும். சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் போட்டால் பயிரே போய்விடும்.

உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்து, தூரைவிட்டுத் தள்ளி இடுங்கள். மண்ணையும் நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சம் களர் நிலத்துக்குத்தான். உவர் நிலத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும்.