கந்தப்பளைத் தாய்மாரின் மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் போதாது

கந்தப்பளைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தி டிஸ்பென்சரிக்குப் போய் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அரிது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, ராத்தூக்கம் இல்லை என்பாள். பனடோலோடு லயத்துக்குத் திரும்புவாள். மனச்சோர்வு உடம்பு வலியாகவும் வரும் என்பதால் அது பலருக்குக் கண்டறியப்படாமலே போகிறது.

காரணம் தேடுவோர் முதலில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஆனால் வெயிலில் மலை காய்ந்தால் அந்தத் தொகையும் முழுதாகக் கைக்கு வராது. 2019 அரசுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8. அதன்பின் 2022 பொருளாதார நெருக்கடி வந்து அரிசி, மா விலையை ஏற்றிவிட்டது. தோடு அடகுக்குப் போகிறது, நுண்கடன்காரர் வாராவாரம் வாசலுக்கு வருகிறார். எவ்வளவு உழைத்தாலும் கடன் குறையாது என்று தெரிந்த பின் எந்த மனம்தான் தளராது?

அடுத்தது வீடு. கணவர் கொழும்பில் கடை வேலையில் இருப்பார். ஊரில் இருந்தாலும் சில வீடுகளில் சம்பளம் சாராயத்துக்கே போகிறது. விடியுமுன் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறியவள், இருட்டிய பிறகும் விறகும் தண்ணீரும் சுமக்கிறாள். 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றானது. அடுப்படி வேலையை மட்டும் இன்றுவரை யாரும் பங்கு போடவில்லை.

இந்தத் தனிமையும் மனதைத் தளர்த்தும். மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாத பெண்களை இடி விழுந்தாற்போன்ற துயரம் எளிதில் சாய்க்கிறது என்று லண்டனில் ஆராய்ந்த ஜோர்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் எழுதினார்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கிராமங்களில் கறுப்பினத் தாய்மாரிடம் ஜீன் பிராடி குழுவினர் கண்டதும் தூரத்துக் கதையல்ல: பணமுடை தாயின் மனதை வாட்டுகிறது, அந்த வாட்டம் பிள்ளை வளர்ப்பையும் தொடுகிறது.

வழி இல்லாமலில்லை. பாகிஸ்தான் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு நீடித்தது. இந்தப் பயிற்சி பெறாதவர்கள் சென்ற ஊர்களில் 53 சதவீதத்தினருக்கு. நம் லயங்களுக்கும் குடும்பநல மாது வருகிறார். தாயின் மனதைக் கேட்க அவருக்குப் பயிற்சியும் நேரமும் தமிழும் வேண்டும். கூடவே அரைப்பேர் முறை ஒழிய வேண்டும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது மருத்துவமாகாது.

உங்கள் வீட்டுத் தாய் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பின்றி, தூக்கமின்றி இருந்தால், ‘சோம்பல்’ என்று ஏசாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.