நம் கணக்குக்கு நாமே கிராணி

என் பாட்டியிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். அந்த டின்னுக்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, மங்கிப்போன சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து வந்த அறிக்கைகள் எல்லாம் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கிடக்கும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலைப் பெரட்டுக்கு அவர் நின்றதும், நிறுவையில் அவருடைய வாளிக்கு எவ்வளவு பால் வந்தது என்பதும் அன்றன்றே செக்ரோலில் ஏறிவிடும். எழுதியவர் கிராணி.

தோட்டம் கைமாறியபோது அந்தச் செக்ரோல்தான் பேசியது. அதில் பெயர் இருந்தவர்களுக்குச் சேமநிதிப் பணம் வந்தது. அதே மரங்களைக் குத்தகைக்காரரிடம் நாட்கூலிக்கு வெட்டிய பக்கத்து வீட்டு அத்தைக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. அவர் அத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு உள்ளங்கைக் காய்ப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்தக் கதையை வருமான வரிக் கட்டுரைக்கு முன்னால் ஏன் சொல்கிறேன்? நம்மில் பலர் இன்று அந்த அத்தையின் நிலையில்தான் இருக்கிறோம். பட்டம் வாங்கியிருக்கிறோம், கையில் விலையுயர்ந்த கைப்பேசி இருக்கிறது, ஆனால் நம் உழைப்பை எழுதி வைக்க ஒரு கிராணி இல்லை.

ஈப்போவில் ஒரு சனிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். புந்தோங்கிலிருந்து ஓர் உருமி மேளக் குழு வேனில் கிளம்புகிறது. சிம்மோரில் ஒரு தங்கை மணப்பெண் அலங்காரத்துக்குப் பெட்டியைத் தூக்குகிறார். இன்னொருவர் கேமராவுடன் தெலுக் இந்தானுக்குப் போகிறார். நடன ஆசிரியர், மேடை அலங்காரம் செய்பவர், அறிவிப்பாளர், அழைப்பிதழ் வரைபவர், கோலம் போடுபவர் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்துக்காரர்கள். நம் சங்கத்தின் கலை இரவுகளில் மேடையேறியவர்களும் இவர்களில் உண்டு. சட்டத்தின் பார்வையில் இவர்கள் அத்தனை பேரும் தொழில் செய்பவர்கள். அதைப் பாதிப் பேர் அறியமாட்டார்கள். நானும் அறியாமல்தான் இருந்தேன்.

நான் ஓவியன். பள்ளிச் சுவர், அழைப்பிதழ், மேடைப் பின்திரை என எது வந்தாலும் வரைவேன். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து வீடு வாங்க ஒரு வங்கிக்குப் போனேன். மாதம் நாலாயிரம் வெள்ளி புரள்கிறது என்றேன். அதிகாரி சிரித்த முகத்துடன் இரண்டே கேள்விதான் கேட்டார். பி பாரம் இருக்கிறதா? வரி கட்டிய ரசீது இருக்கிறதா? இரண்டும் இல்லை. பணம் புரண்டது உண்மை. அதை நான் கையில் வாங்கிக் கையாலேயே செலவழித்திருந்தேன். வீடு கைநழுவிப் போயிற்று.

எந்தப் பாரம், எப்போது?

வருமான வரிச் சட்டம் 1967ஆம் ஆண்டுச் சட்டம். தனிநபர்களுக்கு 2004ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சுயமதிப்பீட்டு முறை நடப்பில் உள்ளது. அதாவது, உள்நாட்டு வருமான வரி வாரியம் நமக்காகக் கணக்குப் போட்டு அனுப்புவதில்லை. நாமே போட்டு, நாமே அறிவித்து, நாமே கட்ட வேண்டும். நாம் சொன்னது சரியா என்று அவர்கள் பின்னால் வந்து பார்ப்பார்கள். ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

சம்பளம் மட்டும் வாங்குபவருக்குப் பிஇ பாரம். தொழில் வருமானம் உள்ளவருக்குப் பி பாரம். பகலில் ஆசிரியர், மாலையில் கட்டணம் வாங்கி நடன வகுப்பு நடத்துபவர் என்றால்? அவருக்கும் பி பாரம்தான். சம்பளத்தையும் வகுப்பு வருமானத்தையும் அந்த ஒரே பாரத்தில் காட்ட வேண்டும். பிஇ பாரத்தின் கெடு ஏப்ரல் 30. பி பாரத்தின் கெடு ஜூன் 30; இணையம் வழி அனுப்புவோருக்கு வழக்கமாக இன்னும் 15 நாள் தருகிறார்கள். ஒருமுறை கோப்புத் திறந்துவிட்டால், வரி ஒரு சென்கூட வராத ஆண்டிலும் பாரத்தை அனுப்பியாக வேண்டும்.

தொழில் வருமானத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது போல் யாரும் பிடிப்பதில்லை. அதனால் வாரியம் ஓர் உத்தேசத் தொகையைக் கணித்து, சிபி 500 என்ற கடிதத்தின் மூலம் இரண்டு மாதத்துக்கு ஒரு தவணையாக ஆறு தவணை கட்டச் சொல்லும். தொழில் மந்தமாகி அந்தத் தொகை அதிகமாகத் தெரிந்தால் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டுவது மட்டும் கூடாது. தவணை தவறினால் 10 விழுக்காடு அபராதம் ஏறும்.

சன்மானமும் வருமானமே

கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கலைஞருக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் உறையை வைத்து, பொன்னாடை போர்த்திக் கொடுக்கிறார்கள். அதைச் சம்பளம் என்று சொல்ல நமக்கு நா கூசுகிறது. ஆனால் வாசித்ததற்காகக் கிடைத்த பணம் வாசித்ததற்காகக் கிடைத்த பணம்தான். அந்த உறையில் இருந்ததும், திருமண வீட்டார் மகிழ்ந்து மேலே கொடுத்ததும் கணக்கில் ஏற வேண்டும். அமைச்சரின் ஒப்புதல் பெற்ற கலாசார நிகழ்ச்சிகளில் கிடைக்கும் வருமானத்துக்கு விலக்கு உண்டு. அந்த ஒப்புதல் இல்லாத நிகழ்ச்சியைப் "பண்பாட்டு நிகழ்ச்சிதானே" என்று நாமாகவே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியாது.

எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டிய சலுகை ஒன்று உண்டு. இங்கு வசிக்கும் தனிநபர் தம் இலக்கியப் படைப்பு, மூல ஓவியம், இசையமைப்பு ஆகியவற்றுக்குப் பெறும் ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை வரி இல்லை. நூல் மொழிபெயர்ப்புக்கு அது 12,000 வெள்ளி. பிற கலைப் படைப்புகளின் வெளியீட்டுக்கும் இசைத்தட்டுப் பதிவுக்கும் 10,000 வெள்ளி. ஆனால் ராயல்டி என்பது படைப்பை வெளியிடவோ பயன்படுத்தவோ உரிமை கொடுத்துப் பெறும் தொகை. ஒருவர் கேட்டார் என்று அவர் வீட்டுச் சுவரில் வரைந்து வாங்கும் கூலி ராயல்டி ஆகாது. எனவே பில் எழுதும்போதே எதற்கான தொகை என்று தெளிவாக எழுதுங்கள். "ஓவியம் - 1,500 வெள்ளி" என்று மொட்டையாக எழுதிவிட்டு, மூன்று ஆண்டு கழித்து அதிகாரி முன் விளக்கம் சொல்வது கடினம். அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டிலிருந்து கலை நிகழ்ச்சிக்கு வரும் பாடகருக்குக் கொடுக்கும் தொகையில் 15 விழுக்காட்டை ஏற்பாட்டாளரே வரியாகப் பிடித்து வாரியத்தில் கட்டிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே மேடையில் அவருக்கு மிருதங்கம் வாசிக்கும் நம் ஊர்ப் பையனுக்கு யாரும் எதுவும் பிடிப்பதில்லை. முழுத் தொகையும் கைக்கு வருகிறது. பொறுப்பும் கூடவே வருகிறது.

ஒரு ரசீதின் மதிப்பு

வரி மொத்த வரவுக்கு அல்ல. வரவிலிருந்து தொழிலுக்கான செலவைக் கழித்து எஞ்சுவதற்குத்தான். வருமானம் ஈட்டுவதற்கென்றே முழுமையாகச் செய்த செலவு என்பது சட்டத்தின் அளவுகோல். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருமணமாகாத ஓர் ஓவியர். ஆண்டு வரவு 48,000 வெள்ளி. வண்ணம், துணி, அச்சுச் செலவு 6,200. உதவிக்கு வந்தவர்களுக்குக் கூலி 4,500. பெட்ரோல், டோல் 2,300. தொலைபேசி, இணையம் ஆகியவற்றில் தொழிலுக்கான பங்கு 1,000. ஆக, செலவு 14,000 வெள்ளி. எஞ்சுவது 34,000. தனிநபர் கழிவு 9,000 போக, வரிக்குரிய வருமானம் 25,000 வெள்ளி. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பிலுள்ள விகிதப்படி இதற்கு வரி 300 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இப்போது அதே ஓவியர் எல்லா ரசீதுகளையும் டோல் சாவடிக்கு அருகிலேயே எறிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செலவை மெய்ப்பிக்க வழியில்லை. 48,000த்தில் 9,000 போக 39,000. வரி 840 வெள்ளி. 35,000த்தைத் தாண்டியதால் தள்ளுபடியும் போயிற்று. உழைப்பு ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். வேறுபாடு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் காகிதம்.

எதைக் கழிக்கலாம் என்பதில் நேர்மையும் வேண்டும். மேடைக்கென்றே தைத்த பரத உடை தொழில் செலவு; தீபாவளிப் புடவையைப் போட்டுக்கொண்டு மேடையேறினால் அது தொழில் செலவு ஆகாது. காரைக் குடும்பத்துக்கும் பயன்படுத்தினால் தொழிலுக்கான பங்கை மட்டுமே எடுக்கலாம். கேமரா, கணினி, இசைக்கருவி போன்றவை செலவுக் கணக்கில் வராமல் மூலதனக் கழிவாக, பொதுவாகப் பல ஆண்டுகளில், பிரித்துக் கழிக்கப்படும். 2,000 வெள்ளிக்கு மேற்படாத சிறு கருவிகளை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க வழி உண்டு. கூலி கொடுத்தால் வாங்கியவரின் பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம் மூன்றும் வேண்டும். தம்பி முறைதானே என்று விட்டுவிட்டால் அந்தக் கூலிக்கு ஆதாரம் இல்லாமல் போகும்.

ஏடு எப்படி இருக்க வேண்டும்?

பெரிய மென்பொருள் தேவையில்லை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டைக் கடலை என்ன விலை, எத்தனை பொட்டலம் ஆகும் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். நமக்கோ ஒரு பின்திரைக்கு எத்தனை டப்பா வண்ணம் செலவாயிற்று என்பதே தெரியாது. பிறகு விலை கட்டவில்லை என்று அழுவோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று நான்கு பத்தி. முன்பணம் வாங்கிய அன்றே அதையும் எழுத வேண்டும். தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, ரொக்கமாக வருவதையும் முதலில் அதில் போட்டுவிட்டு எடுங்கள். பாதி ஏட்டை வங்கியே எழுதிவிடும். பெட்ரோல் நிலைய ரசீது சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். எனவே அன்றைக்கே படம் எடுத்து மாதவாரியாகச் சேமியுங்கள். பில்லுக்கு வரிசை எண் போடுங்கள். ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவறினால் 300 முதல் 10,000 வெள்ளி வரை தண்டமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மின்விலைப்பட்டியல் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளியைத் தொடாத சிறியவர்களுக்கு அதில் விலக்கு இருப்பதால், நம்மில் மிகப் பலர் பயப்பட வேண்டியதில்லை.

தொழிலைத் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. ஒரு வேளை திருமணச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு.

ஏடு இல்லாதவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை 2020 காட்டியது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. திருமணம் இல்லை, திருவிழா இல்லை, கலை இரவு இல்லை. குறுந்தொழில் செய்பவர்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தபோது, விண்ணப்பங்களைக் கையாண்டது உள்நாட்டு வருமான வரி வாரியம்தான். தொழில் செய்பவர்களாக அதன் பதிவில் இருந்தவர்களுக்கு வழி எளிதாக இருந்தது. என் மேளக்கார நண்பர்கள் சிலர் பதினைந்து ஆண்டு வாசித்தவர்கள். தாங்கள் தொழில் செய்தோம் என்று காட்ட அவர்களிடம் திருமணப் புகைப்படங்கள்தாம் இருந்தன. ஒருவர் அவற்றையே ஒரு கோப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டிக்குத் தோட்டம் சேமநிதி கட்டியது. நமக்குக் கட்ட ஆளில்லை. ஆனால் நாமே கட்டலாம். ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து நாம் போடும் சேமநிதிக்கு 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துப் போடுகிறது. விபத்துக் காப்புக்கு, 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரியிலிருந்து கலைத்துறைக்கும் விரிந்திருக்கிறது. சாரத்தில் ஏறி கோயில் சுவருக்கு வண்ணம் தீட்டுபவர்கள் இதை இன்றே விசாரிப்பது நல்லது.

நான் என் நோட்டைத் தமிழில்தான் எழுதுகிறேன். வரி அதிகாரி கேட்டால் தேசிய மொழியில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். அதனால் பில்லை மட்டும் மலாயில் எழுதிவிட்டு, உள் ஏட்டில் "பின்திரை, கல்லுமலைப் பக்கத்துக் கல்யாணம், பாதி முன்பணம், மீதி தரவில்லை" என்று எனக்குப் புரியும்படி எழுதி வைக்கிறேன். அந்த "மீதி தரவில்லை" வரிகளைப் போன டிசம்பரில் கூட்டிப் பார்த்தேன். 2,350 வெள்ளி வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். ஒருவர், தம்பி நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார்.