வெடித்த மலைக்குப் பின்னே வண்ணக் குளங்கள்

ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில், 1,816 மீட்டர் உயரமுள்ள பண்டாய் எரிமலைக்கு வடக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது உராபண்டாய் பீடபூமி. இன்று ஏரியும் காடுமாகக் கிடக்கும் இந்த நிலம், 1888 வரை ஆறு ஓடும் பள்ளத்தாக்கு, கரையோரமெங்கும் ஊர்கள்.

அவ்வாண்டு ஜூலை 15 காலை, மலைக்குள் கொதித்த நிலத்தடி நீர் நீராவியாக வெடித்துக் கிளம்பியது. தீக்குழம்பு வழியவில்லை. ஆனால் வடக்குச் சிகரமே இடிந்து, பாறையும் மண்ணுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. 477 பேர் மாண்டார்கள். ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம் போரில்லாத காலத்தில் முதன்முதலாக நிவாரணத்துக்குப் போனது இங்கேதான். சரிந்த மண் ஆறுகளை மறித்ததால் ஹிபாரா, ஒனோகவா, அகிமோட்டோ ஏரிகள் தேங்கின. பழைய ஹிபாரா கிராமம் அதே பெயருள்ள ஏரிக்கடியில் இருக்கிறது. நீர் குறையும்போது அவ்வூர்க் கோயிலின் தோரண வாயில் தலைகாட்டும்.

நடக்க வருபவர்கள் தேடி வருவது கோஷிகினுமா எனும் குளக்கூட்டத்தை. பிஷமோன் குளத்தில் தொடங்கும் பாதை ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர்; நின்று பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரம். இரு முனையிலும் பேருந்து நிற்பதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒரு குளம் பச்சை, அடுத்தது வெளிறிய நீலம். எரிமலையிலிருந்து கசியும் நீரில் மிதக்கும் மிக நுண்ணிய அலுமினியத் தாதுத் துகள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதே காரணம். ஆகவே வெயிலும் கோணமும் மாறினால் நிறமும் மாறும். அகானுமாவில் மட்டும் கரை நாணல்களின் அடியில் இரும்புத் துரு செம்பழுப்பாகப் படிந்திருக்கும்.

இந்தக் காடு தானாக வளர்ந்ததல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெடிப்புக்குப் பின் இது மொட்டைப் பாழ்நிலம். அய்சுவைச் சேர்ந்த எண்டோ கென்மு சொந்தப் பணத்தைக் கொட்டிச் செம்பைன் மரங்களை நட்டு வளர்த்தார். இங்கே கிடக்கும் பெரும்பாறை ஒன்றின் கீழ் அவர் அடக்கமாகியிருக்கிறார். குளங்களுக்கு இணையாக இந்த உழைப்பும் பார்க்கத் தக்கது. 1950இல் இப்பகுதி பண்டாய்-அசாஹி தேசியப் பூங்காவில் சேர்ந்தது.

டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் கோரியாமா, அங்கே ரயில் மாறி இனவஷிரோ, பிறகு அரைமணிப் பேருந்துப் பயணம். இலைகள் சிவக்கும் அக்டோபரில் கூட்டம் அதிகம். கரடி நடமாட்டம் உண்டு; பையில் மணி கட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். குளிர்காலத்தில் பனிக்காலணி இல்லாமல் பாதையில் இறங்க முடியாது. அப்போது உறைந்த ஹிபாரா ஏரியில் துளையிட்டு வகாசகி மீன் பிடிக்கிறார்கள்.