மெதுவாகப் போனால்தான் ஜெயிக்க முடியும்! பாறை ஏறும் 'ராக் கிராலர்' ரிமோட் டிரக்... திருச்சியில் செய்து ஓட்ட நினைப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ரிமோட் கார் என்றதும், தெருவில் சர்ரென்று பாய்ந்து சுவரில் மோதி, ரெண்டே நாளில் பரணுக்குப் போகும் பொம்மைதான் நினைவுக்கு வரும். ராக் கிராலர் அதற்கு நேர் எதிர். இது பாறை மேல் மெதுவாக ஊர்ந்துதான் போகும். நிஜ ஜீப், பிக்கப் வண்டிகளை பெரும்பாலும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யப்படும் இந்த டிரக்குகள், தன் டயரை விட உயரமான கல்லின் மேல் தொத்தி ஏறுகின்றன. 2009-ஐ ஒட்டி ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10, 2017-ல் டிராக்சாஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 என வரிசையாக மாடல்கள் வந்த பிறகு உலகம் முழுக்க இதற்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

நம்ம ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் பணத்தை முதலில் கொட்டுவது பெரிய மோட்டாரில். அங்கேதான் தப்பு நடக்குது.

மோட்டார் ஏன் முக்கியமில்லை?

திருச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பொன்மலை ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்த இடம். கல்லாறு - குன்னூர் இடையே 12 அடி போனால் ஏறக்குறைய 1 அடி ஏற்றம். அந்த எஞ்சின் வேகத்தால் ஏறுவதில்லை. தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல் சட்டத்தைப் பிடித்து, பல் பல்லாக நகர்ந்து ஏறுகிறது. கிராலரின் தத்துவமும் கிட்டத்தட்ட அதுதான். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் மோட்டாரை அடுத்தடுத்த பற்சக்கரங்களால் குறைத்துக் குறைத்து, சக்கரத்துக்கு வரும்போது வேகத்தைப் பலமாக மாற்றிவிடுகிறார்கள். பல் சட்டத்துக்குப் பதில் இங்கே பிடிமானம் கொடுப்பது டயர்.

அடுத்தது டிஃபரன்ஷியல். சாதாரண காரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. கிராலரில் இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். ஒன்று தொங்கினாலும் இன்னொன்று இழுக்கும். வளைவில் திரும்புவது கொஞ்சம் கஷ்டம், அதைப் பொறுத்துக்க வேண்டியதுதான்.

அப்ப காசு எங்கே போகணும்?

முதலில் டயர். மென்மையான ரப்பர், உள்ளே ஃபோம். கல்லின் மூலையில் டயர் அமுங்கி, அதைக் கவ்விப் பிடிக்கணும். கடினமான டயர் போட்ட வண்டிக்கு எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் அது நின்ற இடத்திலேயே உருளும்.

இரண்டாவது எடை. எடையைக் குறைப்பது இல்லை, இடம் மாற்றுவது. செங்குத்தாக ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது, முன் சக்கரம் தூக்குகிறது, வண்டி மல்லாக்க விழுகிறது. அதனால் பேட்டரியை முன்னால் கொண்டுவருவார்கள், முன் அச்சிலும் சக்கரத்துக்குள்ளும் பித்தளை வளையம் போடுவார்கள். இதை வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை. பெல் நிறுவனத்தை நம்பி துவாக்குடி பக்கம் வளர்ந்த பட்டறைகள் உள்ள ஊர் இது. அளவைச் சரியாக வரைந்து கொடுத்தால் ஒரு லேத் பட்டறையில் பித்தளையைக் கடைந்து வாங்கிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'ஸ்கேல்' என்றாலே நிஜ வண்டி மாதிரி தெரியணும். கூரையில் கேரியர், டீசல் கேன், ஸ்டெப்னி எல்லாம் வைத்தால் அழகு அள்ளும். ஆனால் மேலே ஏற்றும் ஒவ்வொரு கிராமும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். அழகா, ஏற்றமா? இந்தச் சண்டை தீராதது.

இறக்குமதி செய்யலாம் என்றால் கணக்கு போட்டுப் பாருங்கள். பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரியை மத்திய அரசு 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. அந்த விகிதப்படி, 500 டாலர் வண்டிக்கு இந்த வரி மட்டுமே 350 டாலர். ஜிஎஸ்டி, கூரியர் தனி. முழு வண்டி வாங்காமல் உதிரி பாகங்களைச் சேர்த்து, சேசிஸை இங்கேயே வெட்டி, பாடியை 3டி பிரிண்டரில் எடுப்பவர்கள் இருப்பதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் இல்லை.

போட்டி எப்படி நடக்கும்?

ரேஸ் மாதிரி எல்லோரும் சேர்ந்து ஓடுவது கிடையாது. பாறைகளுக்கு நடுவே ஜோடி ஜோடியாகக் கொடிக்குச்சி நட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே வண்டி போகணும். ரிவர்ஸ் எடுத்தால் சின்ன அபராதம், குச்சியைத் தொட்டால் பெரிய அபராதம், கவிழ்ந்து கையால் தூக்கினாலும் அபராதம். நேர வரம்பு உண்டு, ஆனால் முதலில் முடித்தவர் வென்றவர் இல்லை. பெரும்பாலான முறைகளில் குறைந்த புள்ளி வாங்கியவருக்கே பரிசு. அதனால் நல்ல ஓட்டுநர் முதல் அஞ்சு நிமிஷம் ரிமோட்டையே தொடமாட்டார். பாறையைச் சுற்றி நடந்து, எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கே ஓட்டலாம்?

திருச்சியில் பாறை என்றால் மலைக்கோட்டைதான் கண்ணில் படும். ஆனால் அது பல்லவர் குடைவரை இருக்கும், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். வண்டி ஏற்றிப் பார்க்கும் இடம் இல்லை. நார்த்தாமலைக்குப் போகலாம் என்று யோசித்தால் அங்கேயும் சோழர் காலக் கோயில்களும் குடைவரைகளும் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு கோடையில் காய்ந்து கிடக்கும் கொள்ளிடம் ஆசை காட்டும். ஆனால் கிராலருக்கு மணல் பரம எதிரி. பொடி மணல் பேரிங்குக்குள் போய், பற்சக்கரத்தை அரம் போல அராவிவிடும். பேசாமல் உடைத்த கருங்கல் கொஞ்சம் வாங்கி, வீட்டுப் பின்புறத்திலோ தோட்டத்திலோ குவித்துப் போடுங்கள். கல்லை இடம் மாற்றினால் தினம் ஒரு புதுப் பாதை.

பேட்டரியில் கவனம்!

விளையாட்டு விபரீதமாவது இங்கேதான். இந்த வண்டிகளில் இருப்பது லிப்போ பேட்டரி. ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும், பிறகு சார்ஜ் போடும்போது தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தும் வசதி இருக்கு. ஆனால் சில பெட்டிகளில் 'லிப்போ', 'நிக்கல்' என்று ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அது நிக்கலில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு சரியாக வேலை செய்யாது. முதல் முறை ஓட்டுவதற்கு முன்னாடி இதைப் பாருங்கள்.

உப்பிய பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. மெத்தை, சோபா மேல் வைக்காமல் வெறும் தரையில் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடணும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் இதில் வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான். சிங்கப்பூர், துபாயில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால், உதிரி பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-அவர் வரை அனுமதி. 7.4 வோல்ட், 5000 எம்ஏஹெச் பேட்டரி 37 வாட்-அவர்தான், அதனால் அளவில் சிக்கல் வராது. இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.