பொலிஸ் என்று கூறிப் பணம் கேட்கும் தொலைபேசி அழைப்புகள்

மீள்குடியேற்றக் கொடுப்பனவோ வீட்டுத்திட்டத்தின் ஒரு கட்டப் பணமோ வங்கிக்கு வரும் காலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். தான் பொலிஸ் அதிகாரி என்றோ, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலிருந்து பேசுவதாகவோ அவர் சொல்வார். பின்வருவன போன்ற கதைகளில் ஒன்றைக் கூறுவார்:

• “உங்கள் மகன் போதைப்பொருளுடன் பிடிபட்டுவிட்டார். இப்போதே பணம் அனுப்பினால் வழக்கில்லாமல் விடுவோம்.”
• “உங்கள் பெயரிலுள்ள சிம் அட்டை ஒரு குற்றத்துக்குப் பயன்பட்டுள்ளது. அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கி விபரத்தையும் தாருங்கள்.”
• “காணாமற்போன உங்கள் உறவினர் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். பணம் அனுப்பினால் பேச வைக்கிறோம்.”

விசாரணை, கைது என்ற சொற்களைக் கேட்டதும் மனம் பதறுவது, இடம்பெயர்ந்து துன்பப்பட்ட குடும்பங்களுக்கு இயல்பு. மோசடிக்காரர் நம்பியிருப்பது அந்தப் பதற்றத்தைத்தான். உங்கள் பெயரும் கிராமமும் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். பெயர்ப் பட்டியல்கள், முகநூல், அயலவரின் பேச்சு ஆகியவற்றிலிருந்து இவற்றை அறிவது கடினமல்ல. சீருடை அணிந்த படத்தையும் எவரும் வட்ஸ்அப்பில் போடலாம். எனவே இவை எதுவும் அவர் பொலிஸ் என்பதற்குச் சான்றாகாது.

எப்படி அடையாளம் காண்பது?

பொலிஸார் விசாரணைக்கு வருமாறு தொலைபேசியில் அழைப்பதுண்டு. ஆனால் பிணைக்காகவோ வழக்கை முடிப்பதற்காகவோ தொலைபேசியில் பணம் கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. குற்ற வழக்கில் தண்டப்பணம் விதிப்பது நீதிமன்றம். “உடனே அனுப்பு”, “யாருக்கும் சொல்லாதே”, “அழைப்பைத் துண்டிக்காதே” என்று ஒருவர் வற்புறுத்தினால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். ரீலோட் அட்டையின் இலக்கத்தையோ, ஏ.ரி.எம். அட்டையின் பின் இலக்கத்தையோ, குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தையோ கேட்டாலும் அவ்வாறே.

உண்மையான அதிகாரியே பணம் கேட்டாலும் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம்.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியவை

1. பேசுபவரின் பெயர், பதவி, பொலிஸ் நிலையம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள்.
2. “நான் நேரில் நிலையத்துக்கு வருகிறேன்” என்று கூறி அழைப்பைத் துண்டியுங்கள். அவ்வாறு துண்டிப்பது குற்றமல்ல.
3. எவரைப் பிடித்ததாகச் சொன்னார்களோ அவருக்கே அழைத்துப் பாருங்கள். அவர் பதில் தராவிட்டால் நண்பர்களிடமோ வேலைத்தலத்திலோ விசாரியுங்கள்.
4. அழைத்தவர் தந்த இலக்கத்துக்கு மீண்டும் அழைக்காதீர்கள். 119க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு நேரில் செல்லுங்கள். தனியே போகத் தயக்கமாயின் கிராம அலுவலரையோ நம்பிக்கையான ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள்.

உண்மையிலேயே கைது நடந்திருந்தால்

பிடியாணையின்றிக் கைதானவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் ஆஜர்படுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். எனவே அந்த ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தில் நீங்கள் விசாரிக்கலாம். சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உறவினரை விடுவிக்க வழி இவைதான். முன்பின் தெரியாதவரின் கணக்குக்கு அனுப்பும் பணத்தால் எவரும் விடுதலையாவதில்லை.

காணாமற்போனோர் பற்றிய அழைப்புகள்

பல ஆண்டுகளாகப் பிள்ளையைத் தேடும் தாய்க்கு இத்தகைய அழைப்பைப் புறக்கணிப்பது எளிதல்ல. எனினும் பணம் அனுப்பாதீர்கள். சொல்லப்பட்ட இடம், பெயர், அழைப்பு வந்த இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமோ செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடமோ கொடுங்கள். உறவினரைத் தேடித்தர இவ்விரு அமைப்புகளும் பணம் கேட்பதில்லை.

பணம் அனுப்பிவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கோ பணம் அனுப்பிய சேவை நிலையத்துக்கோ தெரிவித்து, பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். பணம் எடுக்கப்படுவதற்கு முன் அறிவித்தால் அதற்கு வாய்ப்பு உண்டு. பற்றுச்சீட்டையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்து பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்ய உங்களுக்கு உரிமையுண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதை வீட்டிலுள்ள முதியோருக்கும், தொலைபேசி எடுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். 119, 1954, 1996 ஆகிய மூன்று இலக்கங்களையும் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.